போலந்து அமைச்சர் வரிசையில் நின்ற கதை

போலந்து நாட்டின் உள்துறை அமைச்சரைத் தன் மனைவி வேதநாயகி ரொட்டி வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னாள் என்றும், அமைச்சரும் வாயைத் திறக்காமல் போய் நின்றார் என்றும் சுந்தரமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் புனேயில், கட்கியில். அதுவும் மே மாதத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் சொல்வதை யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது; உள்ளே நடந்ததெல்லாம் அரசாங்க ரகசியம். இந்த வசதியைச் சுந்தரமூர்த்தி தாராளமாகவே அனுபவித்தார். ஒரு பிரிகேடியர் அவரிடம் லீவு கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். பாஷாண் குன்றிலிருந்து ஒரு சிறுத்தை அவருடைய ஸ்கூட்டர் பின்னாலேயே வந்து ஹோல்கர் பாலத்தில் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. கட்கி பஜார் டீக்கடையில் இதையெல்லாம் எல்லோரும் நம்பினார்கள், டீ ஆறும் வரைக்கும். அமைச்சர் கதையையும் அப்படியே நம்பினார்கள்.

நம்பாதவள் ஒருத்திதான். நம்ப வேண்டியவளும் அவள்தான்.

மகள் காவ்யாதான் அவள். சம்பவம் நடந்த சமயம் கம்பெனி வேலையாக அமெரிக்காவில் இருந்தாள். அன்று ராத்திரி வேதநாயகியே அவளுக்குப் போன் செய்தாள்.

"அந்த மினிஸ்டரு நேரா முன்னாடி வந்துட்டாரு காவ்யா. நான் லைன்ல வாங்கன்னேன். போயிட்டாரு."

"ஐயோ அம்மா. வீட்ல அப்பா ஒருத்தர் போதாதா? நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லடி, நெசமா. கம்பளி கோட்டு போட்டுக்கினு நின்னேன்."

"சரிம்மா, சரி. சிறுத்தை எப்படி இருக்கு? அதுவும் கோட்டு போட்டிருந்துச்சா?"

வேதநாயகியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். வாழ்க்கையில் பொய் சொல்ல அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. அந்த இலாகாவைக் கணவர் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, "நான் பொய் சொல்வனாங்க?" என்று கேட்டாள். சுந்தரமூர்த்தி வாயைத் திறப்பதற்குள், "படம் வரட்டும். பாத்துட்டு அவளே சொல்லுவா" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

படம் வருவதற்குள், செப்டம்பர் மழையில், அவள் போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் வலி நின்றுவிட்டது, மற்றதும் நின்றுவிட்டது. காவ்யா அமெரிக்காவை விட்டுவிட்டு வந்து பாணேரில் பதினோராவது மாடியில் கணவன் மனோஜுடன் குடியேறினாள். அம்மா சொன்னது உண்மை என்று முகமது இஸ்மாயிலும் அவளிடம் சாட்சி சொன்னார். அவர் சுந்தரமூர்த்தியோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஆம்பூர்க்காரர். சிறுத்தைக்கும் அவர்தான் சாட்சி. அதனால் அவர் வாயைத் திறந்ததும், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

நடந்தது என்னவென்றால், போலந்தில் மரெக் என்று ஒரு டைரக்டர் அரசியல் படம் ஒன்று எடுத்தார். எண்பதுகளில் ஒரு துறைமுக ஊர், வேலைநிறுத்தம், ரொட்டித் தட்டுப்பாடு, உள்துறை அமைச்சர் ஒருவர். பணம் கொடுக்க முன்வந்தது திரைப் பன்முகத்தன்மை மன்றம். திரையில் எல்லா இனமும் எல்லா நிறமும் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் மட்டும் பணம் தரும் மன்றம் அது. மரெக்கின் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் போலந்தில் போலந்துக்காரர்களாகவே இருக்கிறார்கள்" என்று திருப்பி அனுப்பியது. "அன்றைக்கு அங்கே அவர்கள்தான் இருந்தார்கள்" என்றார் மரெக். "அது கவலைக்குரிய போக்கு" என்றது மன்றம்.

ஒரு வருஷம் இழுத்து, கடைசியில் சமரசம் ஏற்பட்டது. ரொட்டி வரிசைக் காட்சியை மட்டும் புனேயில் எடுப்பது. கட்கியில் மூடிக் கிடந்த செங்கல் ஷெட் ஒன்று துறைமுகக் கிடங்கு மாதிரியே இருந்தது. ஆள் மலிவு. நிறமும் வேண்டிய அளவுக்கு இருந்தது.

மன்றத்தின் சார்பில் வந்தவர் ராஜஸ்ரீ மேடம். சென்னைக்காரர், புனேயில் ஔந்தில் வீடு. வரிசையில் நிற்கக் கூட்டி வந்த கட்கித் தமிழர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடியவர் என்பதற்காக நியமிக்கப்பட்டிருந்தார். பெயின்ட் கடையில் தருவார்களே வண்ண அட்டை, அது மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார். இஸ்மாயில் ஐந்தாம் கட்டத்தில் அடங்கினார். வேதநாயகி ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் விழுந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வெயில்ல நின்னுட்டு வரீங்களா? ஏழுல ஆள் கம்மியா இருக்கு."

"நிழல்ல நின்னா ஆறு ஆயிடுமாம்மா? நிழல்ல நிக்கிறனே. தல சுத்துது."

மேடம் பெருந்தன்மையோடு ஆறரை என்று தீர்மானித்தார்.

அடுத்தது வாழ்க்கை வரலாறு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு துயரம் இருக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. வேதநாயகிக்கு ஒதுக்கப்பட்ட துயரம், கப்பலில் வந்து கணவனை இழந்த விதவை.

"அவரு இங்கதான் நிக்கிறாரு. விதவைன்னா எப்படிம்மா?" என்றாள் வேதநாயகி. சுந்தரமூர்த்தி கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, தான் உயிரோடு இருப்பதைக் கையை உயர்த்தி உறுதி செய்தார்.

"ஆன்ட்டி, இந்தக் குடும்பத்துல ஒரு லாஸ் வேணும். யாராவது ஒருத்தர் இறந்திருக்கணும்."

"அப்ப என்னையே செத்துட்டேன்னு போட்டுக்கோ. அவரு இருக்கட்டும்."

"வேதா, இன்னா பேச்சு இது?"

"சினிமாதானேங்க."

இஸ்மாயில் சந்தேகம் கேட்டார்: "மேடம், செத்தவங்க க்யூல நிக்கலாமா?"

ராஜஸ்ரீ மேடம் யோசித்தார். "இறந்தவங்களும் திரையில போதுமான அளவு ரெப்ரசென்ட் ஆகாத ஒரு பிரிவுதான்" என்றார். அந்தக் கருத்து அவருக்கே மிகவும் பிடித்துப்போய், யாருக்கோ போன் செய்து சொன்னார்.

இப்படியாக வேதநாயகி செத்தவளாகவும் சுந்தரமூர்த்தி மனைவியை இழந்தவராகவும் வரிசையில் அடுத்தடுத்து நின்றார்கள். செத்தவள் இழந்தவருக்கு அவ்வப்போது தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ஆடைப் பிரிவினர் அவளுக்குக் கொடுத்த வலைப்பையை அவள் ஏற்கவில்லை. "இதுல அரிசி வாங்கினா வீடு வரைக்கும் கோலம் போட்டுக்கினே போகலாம்" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பையையே கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். காவ்யா கல்யாணத்துத் தாம்பூலப் பை அது. அதில் தண்ணீர் பாட்டிலும் பிரஷர் மாத்திரையும் இருந்தன.

பகல் சாப்பாட்டு வேளையில் படத்தின் சரித்திர ஆலோசகர் வந்து பார்த்துப் பதறிவிட்டார். அந்த வருஷம் அந்த ஊரில் இப்படிப்பட்ட முகங்கள் கிடையாது, உலகம் சிரிக்கும் என்றார். உடனே எல்லோர் முகத்திலும் வெள்ளைப் பூச்சு ஏறியது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த ராஜஸ்ரீ மேடம், "என் ஆளுங்க எங்கே?" என்று தேடினார். எதிரே நின்றவர்கள் மொத்தப் பேரும் போலந்துக்காரர்கள். பன்முகத்தன்மைக்காகக் கூட்டி வந்தவர்களைச் சரித்திரத்துக்காக வெளுத்து, மறுபடி பன்முகத்தன்மைக்காகத் துடைத்து, இதற்குள் மே மாத வெயில் தன் பங்கைச் செய்ய, சாயங்காலம் ஐந்து மணிக்கு இஸ்மாயிலின் நெற்றி போலந்திலும் கன்னம் ஆம்பூரிலும் இருந்தன.

மின்விசிறிகள் சுழன்று தெர்மாகோல் தூளை வாரி இறைத்தன. பனி. "இத்தையெல்லாம் யாருங்க பெருக்குவாங்க?" என்று வேதநாயகி கவலைப்பட்டாள்.

பிறகுதான் அந்த ஷாட். மரெக் சொன்னதை மேடம் தமிழில் சொன்னார்: "நடிக்காதீங்க. நிஜமா க்யூல எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க."

சொல்லியிருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வரிசை, தண்ணீர் லாரி வரிசை, ரேஷன் வரிசை, கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை, காவ்யாவின் காலேஜ் சீட்டுக்கு விண்ணப்ப வரிசை என்று வேதநாயகிக்கு வரிசையில் இருந்த அனுபவம், அந்த அமைச்சருக்கு ஆட்சியில் கிடையாது. அமைச்சராக நடித்தவர் அவர்கள் நாட்டில் பெரிய நடிகராம். ஸ்கிரிப்டில் இருந்தபடி, போட்டோக்காரர்கள் சூழ, வரிசையை ஒட்டி விறுவிறுவென்று நடந்து நேராக முன்னால் வந்தார். மக்கள் பயந்து ஒதுங்க வேண்டும். அவர் ரொட்டியைக் கையில் எடுத்துச் சிரிக்க வேண்டும். முன்னால் வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்பதை யாரும் வேதநாயகிக்குச் சொல்லவில்லை. அப்படியும் ஒரு வழக்கம் உண்டு என்பது மற்றவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அவள் தண்ணீருக்காக வெளியே எடுத்திருந்த பையோடு கையை நீட்டி அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தாள்.

"பாய் சாப், லைன் பீச்சே ஸே ஹை." வரிசை பின்னாலிருந்து என்று. அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறதே என்று தமிழிலும் சொன்னாள்: "காலீலேர்ந்து நிக்கிறோம். எங்களப் பாத்தா மனுசங்களாத் தெரியலியா? பின்னாடி போங்க."

கட்டை விரலால் கடைசியைக் காட்டினாள்.

நடிகர் அவள் முகத்தைப் பார்த்தார். வெள்ளையும் கறுப்புமாக வழிந்துகொண்டிருந்த முகம். தொப்பியைக் கழற்றினார். திரும்பி, அத்தனை பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி நடந்துபோய்க் கடைசியில் நின்றார். போட்டோக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களும் போய் நின்றார்கள். மரெக் 'கட்' சொல்லவில்லை. தெர்மாகோல் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்த நடிகர் வேதநாயகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "அவர் அம்மா உயிரோட இருந்து இதைப் பாத்திருக்கணும்னு சொல்றார்" என்றார் மேடம், சிடுசிடுப்பாக. மேடத்துக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்கே எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார்:

"பாருங்க, நம்ம கம்யூனிட்டியைப் பத்தி ஏற்கெனவே ஒரு இமேஜ் இருக்கு. சத்தம் போடறவங்க, சண்டை போடறவங்கன்னு. ஒரு ஆறரை ஷேடு பெண்மணி ஒரு மினிஸ்டரை அதட்டறது பாசிட்டிவ் போர்ட்ரேயல் இல்லை. அதோட, நம்மளை ரொட்டிக்கு நிக்கிற ஏழைங்களா காட்டறதே அவமரியாதை. உங்க மரியாதையைக் காப்பாத்தத்தான் நான் இருக்கேன். உங்களைக் காட்டாம உங்களைக் காட்டறது எப்படின்னு மன்றம் முடிவு பண்ணும்."

"என் மூஞ்சி வரும் இல்லம்மா?" என்று வேதநாயகி கேட்டாள். "பொண்ணுக்குக் காட்டணும்."

"உங்க ப்ரெசென்ஸ் கண்டிப்பா இருக்கும், ஆன்ட்டி."

வேதநாயகி அதை ஆமாம் என்று புரிந்துகொண்டாள்.

ஜனவரியில் ஔந்தில் ஒரு குளிரூட்டிய அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். சுந்தரமூர்த்தி போன் செய்தபோது காவ்யா முதலில் வரவில்லை என்றுதான் சொன்னாள்.

"எனக்கு ஆபீஸ் இருக்குப்பா. நீங்களும் போய் ஏமாந்துட்டு வராதீங்க."

"உங்கம்மாவுக்காக வா. எனக்காக இல்ல."

"அம்மா உங்க சந்தோஷத்துக்காகச் சொல்லியிருப்பா. அவ அப்படித்தான். அதைக் கிளறாதீங்கப்பா."

இருந்தாலும் வந்தாள். அப்பா முன்னதாகவே வந்து நடு வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் அந்தத் தாம்பூலப் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். தனக்குத்தான் என்று நினைத்துக் காவ்யா பையை எடுக்கப் போனாள்.

"நீ அந்தப் பக்கம் உக்காரு. இது உங்கம்மாவுக்கு."

காவ்யா அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பை நடுவில் இருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்து ஆங்கிலத்தில், யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். சுந்தரமூர்த்தி, "வராங்க" என்றார்.

படத்துக்கு முன்னால் ராஜஸ்ரீ மேடம் பேசினார். இப்போது அவர் மன்றத்தின் ஆசியப் பொறுப்பாளர். "இந்தப் படம் ஒரு மைல்கல். விளிம்புநிலை மனிதர்களை இதுவரை சினிமா சுரண்டியே காட்டியிருக்கிறது. நாங்கள் அவர்களுடைய கண்ணியத்தைக் கருதி, ஒருவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அவர்கள் இல்லாமலிருப்பதை நீங்கள் ஆழமாக உணரலாம். இதற்காகவே எங்களுக்கு விருது கிடைத்திருக்கிறது" என்றார். அரங்கம் கை தட்டியது. சுந்தரமூர்த்தியும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கேட்டது என்ன என்று அப்புறம்தான் யோசித்தார்.

படம் ஓடியது. துறைமுகம், கூட்டம், கோஷம். பிறகு கட்கி ஷெட். பனி விழுந்தது. வரிசை வந்தது. கோட்டுகள், பூட்ஸ்கள், முதுகுகள். கழுத்துக்கு மேல் எல்லாம் பனிமூட்டமாக்கப்பட்டிருந்தது. இஸ்மாயிலின் தொந்தியைச் சுந்தரமூர்த்தி அடையாளம் கண்டுகொண்டார். தன்னுடைய கோட்டையும் கண்டார். அதற்கு முன்னால் ஒரு குட்டையான கோட்டு, அதன் மேல் ஒரு புகைத் திட்டு. அந்தத் திட்டுக்குள் எங்கோ அவள் கண்ணும் மூக்கும் இருந்தன. இதைக் காட்டவா மகளைக் கூட்டி வந்தோம் என்று தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போலாமா காவ்யா? படம் சரியில்ல" என்றார். தானாக ஒரு கதையை முடித்துக்கொண்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

காவ்யா எழுந்திருக்கவில்லை.

திரையில் அமைச்சர் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். புகைத் திட்டின் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நின்றது. அந்தக் கையை மட்டும் மரெக் மன்றத்துக்கு விட்டுக் கொடுக்கவில்லை. கையில் ஒரு பை. பையில் எழுத்து. காவ்யாவுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. ஆனால் தன் பெயரை எந்த அளவில் போட்டாலும் படித்துவிடுவாள். அது அரங்கத்தின் பாதிச் சுவர் அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே, மடிப்பில் பாதி மறைந்து, மனோஜின் பெயர்.

பைக்கு மேலே கட்டை விரல் நீண்டு பின்னால் காட்டியது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது வெட்டிக்கொண்டு கோணலாக ஆறிய நகம். குரல் வரவில்லை, அந்த இடத்தில் வயலின் வாசித்தார்கள். அமைச்சர் தொப்பியைக் கழற்றினார். திரும்பினார். முகமில்லாத கோட்டுகளைத் தாண்டித் தாண்டிக் கடைசி வரைக்கும் போனார்.

காவ்யா நடு நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

சுந்தரமூர்த்தி சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், அவள் சொன்னதை மட்டும் சொன்னார். காவ்யா பையின் காதைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தைத் துடைக்கவில்லை.

படம் முடிந்ததும் விளக்குகள் எரிந்தன. பார்வையாளர்கள் கருத்துச் சொல்லலாம் என்று ராஜஸ்ரீ மேடம் அறிவித்தார். மைக் கை மாறி வந்தது. ஒருவர் இல்லாமையின் அழகியலைப் பாராட்டினார். இன்னொருவர் அந்த மஞ்சள் பையைக் குறியீடு என்றார். அதில் இருந்தது எந்த நாட்டு எழுத்து என்று கேட்டார். கற்பனையான எழுத்து என்று மேடம் பதில் சொன்னார்.

காவ்யா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"அந்தக் கை எங்கம்மாவோடது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அந்தப் பை என் கல்யாணத்துப் பை. போலந்து நாட்டு அமைச்சரைக் கடைசிக்குப் போய் நிக்கச் சொன்னது எங்கம்மா. வேதநாயகி. கட்கியில். மே மாசத்துல."

சில பேர் சிரித்தார்கள், மோசமான சிரிப்பு இல்லை. ராஜஸ்ரீ மேடம் தலையைச் சாய்த்து, கனிவாக, "எவ்வளவு அழகான கற்பனை. நல்ல சினிமா நம்மை இப்படித்தான் அதற்குள் நுழைய வைக்கும்" என்றார். அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று கையைக் காட்டினார். அட்டை மாட்டிய பெண் மைக்குக்காக வந்து நின்றாள்.

காவ்யா கொடுக்கவில்லை. பையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு திரும்பி, அரங்கத்தில் அது போய்ச் சேர வேண்டிய ஒரே ஆளைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நடந்துச்சுப்பா. அம்மா சொன்ன மாதிரியே நடந்துச்சு."